மிஸ்ஸி கூப்பிட்ட பெயர்கள்

எங்கள் அடுக்குமாடி ப்ளாட்டில் ஒரு காலத்தில் ஐந்து குட்டிகள் இருந்தார்கள். பூனைக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ இல்லை, ஆட்கள்தான். மூன்றாம் மாடிக் குட்டி, லிஃப்ட் பக்கத்துக் குட்டி, மீசைக் குட்டி என்று அடைமொழி சேர்த்தால்தான் யாரென்று புரியும். மீசைக் குட்டிக்குக் கல்யாணமாகி அவருடைய பையனுக்கே பால் பல் விழுந்துவிட்டது. ஆனாலும் எங்கள் சுங்கை பினாங்கில் அவர் இன்றைக்கும் குட்டிதான். இத்தனை குட்டிகள் உருவாகக் காரணம், நான்காம் மாடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்த மிஸ்ஸி.

நர்ஸை எங்கள் ஊரில் பழைய ஆட்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கத்தோலிக்கர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேலையை விட்ட பிறகும் சட்டையில் மார்புப் பக்கம் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரத்தை அவர் கழற்றவில்லை. பாசாருக்கு மீன் வாங்கப் போனாலும் அது கூடவே போகும். குனிந்து அதில் மணி பார்த்துவிட்டுத்தான் எதையும் ஆரம்பிப்பார். அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுத மனம் வரவில்லை.

பெயரில்லாத எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. தொட்டியில் புதிதாக வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்குப் பெயர் உண்டு. படிக்கட்டுப் பூனைகளுக்கு, பிறந்து கண் திறப்பதற்குள் பெயர் விழுந்துவிடும். மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு சவரிமுத்து என்று பெயர் வைத்திருந்தார். காலையில் அது முனகாவிட்டால், “என்னக்கா, இன்னிக்கு சவரிமுத்து எழும்பலயா?” என்று முழு ப்ளாட்டும் விசாரிக்கும். ரிப்பேர் பார்க்க வந்த சீனர்கூட ஒருநாள் பில்லில் அந்தப் பெயரை எழுதிவிட்டுப் போனார். இதுவரைக்கும் எல்லாருக்கும் சிரிப்புதான்.

கைப்பிள்ளை விஷயத்தில்தான் சிரிப்பு நின்றுவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது குழந்தையோடு வந்து இறங்கினால் மிஸ்ஸி கிரில் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். பையனா பொண்ணா, எத்தனை கிலோ, பால் குடிக்குதா, ஒன்றும் கேட்கமாட்டார். “பேரு என்ன?” அவ்வளவுதான். நாங்களெல்லாம் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்போம். அதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. இன்னும் வைக்கவில்லை என்று சொன்னால் அவர் முகம் மாறும். கோபம் இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது திடீரென்று ஞாபகம் வந்தவர் முகம் அது.

ஏழாம் மாடியில் ஒரு பெண் அப்படித்தான் இன்னும் வைக்கவில்லை என்று சொன்னாள். மிஸ்ஸி குழந்தையின் நெற்றியைத் தொட்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னாராம். எட்டாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை. டாக்டரே கையை விரித்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? மிஸ்ஸி பெயர் வைத்தால் பிள்ளை தங்காது என்ற பேச்சு மட்டும் மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் இந்தக் குட்டி வழக்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரை விட்டு இறங்கும்போதே தாய்க்காரி வாயில் ஒரு பெயரைத் தயாராக வைத்திருப்பாள். மிஸ்ஸி கேட்டதும் சட்டென்று “குட்டி” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். மிஸ்ஸிக்கு அது போதும். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவார்.

இதைவிட மோசமான நாள் ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். டிசம்பர் இருபத்தெட்டு. அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவை விரியத் திறந்து வைப்பார். பிறகு நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பிப்பார். “லூசியா... அந்தோணி... சிசிலி... மார்ட்டின்...” ஜெபம் சொல்லும் குரல் இல்லை, அழுகையும் இல்லை. விளையாடப் போன பிள்ளைகளை மைலோ குடிக்கக் கூப்பிடுகிற குரல். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்துவார். காதைக் கொடுத்துக் கேட்பார். அப்புறம் அடுத்த பெயர். எங்கள் ப்ளாட்டில் அந்தப் பெயர்களில் ஒரு பிள்ளையும் கிடையாது. முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை நடைபாதையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள்கூட வீட்டுக்குள் போய்விடும். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும், அன்று வீட்டில் இருந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.

ஒரு வருஷம் ஐந்தாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். இத்தனை பிள்ளைகளைக் காணோமா என்று நினைத்து, செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடி, கார் நிறுத்துமிடம், சாக்கடை ஓரம், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல் தேடினார். மேல்மூச்சு வாங்க மேலே வந்து, கீழே யாருமே இல்லையே ஆண்ட்டி என்றார்.

“தெரியும்லா தம்பி,” என்றார் மிஸ்ஸி. “நீங்க ஒருத்தராச்சும் போயி பாத்தீங்களே.”

அந்த அண்ணன் அடுத்த மாதமே வீடு மாறிப் போய்விட்டார். வாடகை கூடிவிட்டது என்று சொன்னதாகக் கேள்வி.

எனக்கு விஷயம் தெரிந்தது அதற்கு அடுத்த வருஷம். காய்ச்சலுக்கு எம்.சி. விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். அதே இருபத்தெட்டாம் தேதி காலையில் மிஸ்ஸி தட்டில் சூஜி கேக் கொண்டு வந்தார். கிறிஸ்மஸ் போய் மூன்று நாள் ஆகிவிட்டதே, மறந்துவிட்டீர்களா என்று சும்மா சீண்டினேன். இது கிறிஸ்மஸ் கேக் இல்லை, இன்றைய திருநாளுக்கு என்றார். மாதா கோவில் காலண்டரை எடுத்துவந்து காட்டினார். இருபத்தாறில் ஸ்தேவான் பெயர் இருந்தது. இருபத்தேழில் யோவான். இருபத்தெட்டில் மட்டும் மாசில்லாக் குழந்தைகள் என்று போட்டிருந்தது.

மிஸ்ஸி சொன்ன கதை இதுதான். புதிதாக ஒரு ராஜா பிறந்திருக்கிறான் என்று கேள்விப்பட்ட ஏரோது மன்னன், அது எந்தப் பிள்ளை என்று தெரியாமல், பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளை எல்லாம் வெட்டச் சொன்னான். தேடிய பிள்ளை தப்பிவிட்டது. மற்றதெல்லாம் போயிற்று. எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமலே இயேசுவுக்காகச் செத்ததால், பேச்சு வராத அந்தப் பிள்ளைகளையும் திருச்சபை ரத்த சாட்சிகளாக ஏற்றுக்கொண்டது. அவர்களுக்குத்தான் இந்த நாள். இங்கிலீஷில் இதை இன்னசன்ட்ஸ் என்பார்கள், யாருக்கும் கெடுதல் செய்யாதவர்கள் என்று லத்தீனில் அர்த்தமாம். மிஸ்ஸிக்குக் கான்வென்டில் சிஸ்டர்மார் சொல்லிக் கொடுத்தது. தமிழில் அது மாசில்லாதவர்கள் என்று ஆகிவிட்டது.

“மாசில்லாதவங்கன்னா அது பேரா? அது சர்ட்டிபிகேட்லா,” என்றார். “ஸ்தேவானுக்குப் பேரு இருக்கு, யோவானுக்கு இருக்கு. ஏரோதுக்குக்கூட இருக்கு, பாத்தியா? வெட்டுப்பட்ட ஒரு பிள்ளைக்கும் இல்ல. கெடுதல் செய்ய நேரமே கெடைக்காதவங்க. அத ஒரு பேருன்னு எழுதிட்டாங்க.”

பிறகு வார்டைப் பற்றிச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை நீளத்துக்குக் கிடக்கும் பிள்ளைகள். பெட்டியில் ஒட்டிய அட்டையில் பேபி ஆஃப் லட்சுமி, பேபி ஆஃப் மேரி என்று அம்மா பெயர்தான் இருக்கும். பிழைத்தால் வீட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கிக்கொள்ளும். பிழைக்காதது அந்த அட்டையோடு போய்விடும். அப்படிப் போகப் போகிறதென்று தெரிந்தால் இவர் நெற்றியில் ஒரு சொட்டு நீர் விட்டு, அன்றைக்கு எந்தப் புனிதரின் நாளோ அந்தப் பெயரை வைத்துவிடுவாராம். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், குருவானவர்தான் வர வேண்டும் என்பதில்லை. சாயங்காலம் கூப்பிடுவது அந்தப் பிள்ளைகளைத்தான்.

தாய் தகப்பனிடம் கேட்பீர்களா என்றேன். மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரம் இருக்காது,” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் பாசமும் பயமும் சேர்ந்தே இருந்தது. காய்ச்சலில் கிடந்த எனக்கு மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தபோது, வேறு என்ன பார்க்கிறாரோ என்று தலையை நகர்த்திக்கொண்டேன். பிள்ளை பிழைக்குமா போகுமா என்று டாக்டருக்கு முன்னால் மிஸ்ஸிக்குத் தெரியும் என்று வார்டில் வேலை செய்தவர்களே சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணமாகியும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். என் மகள் தீபாவளி முடிந்த வாரம் ஏழு மாதத்திலேயே பிறந்தாள். ஒன்றே கால் கிலோ. நேராக மிஸ்ஸி வேலை பார்த்த அந்த வார்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து முதலில் சொன்னது, என்ன நடந்தாலும் அந்த மிஸ்ஸியை உள்ளே விடாதே என்பதுதான். நான் படித்தவள், தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவள், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன்.

பக்கத்துப் பெட்டியில் கலாவின் பிள்ளை இருந்தது. கலா நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துப் பெண், இருபத்துமூன்று வயதுதான். அவளை டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள், பிள்ளை மட்டும் வார்டில். புருஷன் தோட்டத்து வேலை முடித்து வந்ததும் மோட்டார்சைக்கிளில் கடல் பாலம் தாண்டி அழைத்து வருவான், எப்படியும் மணி ஆறாகிவிடும். தையல் போட்ட வயிற்றோடு அவ்வளவு தூரம் அவள் உட்கார்ந்து வருவதை நினைத்தாலே எனக்கு வலிக்கும். இருவரும் பால் கறந்து பாட்டிலில் அடைத்துவிட்டு நடையில் உட்கார்ந்து பேசுவோம். பிள்ளைக்குப் பெயர் பார்த்தாகிவிட்டது, ஆனால் முப்பதாம் நாள்வரை சொல்லமாட்டேன் அக்கா, கோவிச்சுக்காதீங்க என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் என் மகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. இன்று ஒருநாள் தாண்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்திலிருந்து பெட்டியை விட்டு நகராமல் நின்றேன். அவள் மூச்சு விடும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. சாயங்காலப் பார்வையாளர் நேரத்துக்குக் கதவு திறந்ததும், வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்ட கால்கள் என் பக்கத்தில் வந்து நின்றன. அந்த வார்டு சிஸ்டருக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே மிஸ்ஸிதான். யார் அவரைத் தடுக்கப் போகிறார்கள்?

“பேரு என்ன?” என்றார்.

குட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் தயாராக வைத்திருக்கும் வார்த்தை எனக்கு அந்த நேரம் வாயில் வரவில்லை. இன்னும் வைக்கவில்லை மிஸ்ஸி என்று சொல்லிவிட்டேன்.

அவர் கைப்பையைத் திறந்து, தண்ணீர் நிரப்பிய, கண்ணுக்கு மருந்து விடும் சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்துச் சூடாக்கினார். பிறகு பெட்டியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். போங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. போகச் சொல்லி, பிள்ளை அட்டையோடு போய்விட்டால் என்ன செய்வது என்றும் இருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஐந்து நிமிஷம் எனக்குத் தெரியாது.

மிஸ்ஸி நிமிர்ந்தார். “இவ போகல,” என்றார். “நீயே பேரு வெச்சுக்கோ.”

அழுகை பீறிட்டு வந்தது. அவர் கையைப் பிடிக்கப் போனேன். அந்தக் கை இன்னும் மூடியே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அன்று ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். காலையில் எடைகூட ஏறியிருந்தது. மிஸ்ஸி அட்டையைப் படித்தார், பேபி ஆஃப் கலா. அம்மா எங்கே என்று கேட்டார். பைராமிலிருந்து வர வேண்டும், ஆறு மணி ஆகும் என்றேன். அவர் மார்புக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் என்னவென்று தெரியாது, ஆனால் இருக்கிறது என்று தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிஸ்ஸி குப்பியை மூடியிருப்பார், அவர் குணம் அப்படி. நான் சொல்லவில்லை. அந்தச் சொட்டு என் பிள்ளைமேல் விழவில்லை, இன்னொரு பிள்ளைமேல் விழட்டும் என்று நின்றேன். இதை என் புருஷனிடம்கூட நான் சொன்னதில்லை.

மிஸ்ஸி பெட்டியின் வட்டக் கதவுக்குள் கையை விட்டார். உதடு அசைந்தது. எலிசபெத் என்ற பெயர் என் காதில் விழுந்தது.

கலா வந்துசேர்ந்தபோது டாக்டர்கள் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஏழு மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது. நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கலா என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. அவள் புருஷன் காகிதங்களில் கையெழுத்துப் போடப் போயிருந்தான்.

“பேரு யாழினிக்கா,” என்றாள். “வயித்துல இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிடுவேன். ஒதைப்பா.”

உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன் என்றாள்.

என் மகள் தேறினாள். முப்பதாம் நாள் வார்டிலேயே அவள் காதில் பெயரைச் சொன்னோம். டிசம்பர் நடுவில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ப்ளாட்டில் இருந்தவர்கள் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள். மிஸ்ஸி வந்து பார்த்தும் தங்கிய பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். மிஸ்ஸி மட்டும் வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி நான்கு மணிக்கு அவர் கதவு திறந்தது. அந்த வருஷம் நான் டிவியைப் போடவில்லை. தூங்கும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லூசியா, அந்தோணி, சிசிலி. எல்லாரும் வந்து போனார்கள். கடைசியில் புதிதாக ஒரு பெயர் வந்தது. எலிசபெத். மிஸ்ஸி நிறுத்தினார். காது கொடுத்தார். மறுபடியும் கூப்பிட்டார். எலிசபெத். அது என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பிள்ளை எங்கேயோ நின்று கேட்டுக்கொண்டிருந்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? எழுந்து வெளியே போனேன்.

“மிஸ்ஸி, அவ பேரு அது இல்ல,” என்றேன். “அவங்க அம்மா ஏற்கெனவே பேரு வெச்சிருந்தாங்க. யாழினி.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். பெயர் இருக்கிறதென்று அன்றைக்கே தெரியும், என்ன பெயரென்று அப்புறம்தான் தெரியும் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்த அம்மாவுடைய நம்பர் இருக்கிறதா, போய்ச் சொல்ல வேண்டும் என்றார். என் போனில் கலாவின் நம்பர் இருந்தது. போன் என் கையில்தான் இருந்தது. இல்லை என்று சொன்னேன். இரண்டு வாரமாகத்தான் அவள் சோறு சாப்பிடுகிறாள், அவளிடம் போய் இதைச் சொல்ல விட எனக்கு மனமில்லை. மிஸ்ஸி என் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரும்பக் கேட்கவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு. மெதுவா.”

சொன்னேன். அவர் எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. திறந்த கதவு வழியாகக் காற்று வந்து காலண்டரைப் புரட்டியது.

“அப்ப எல்லாத்துக்கும் இருந்திருக்கும்,” என்றார். “பெத்தவ வயித்துல வெச்சே கூப்பிட்டிருப்பா. நான் முப்பது வருஷமா வேற யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “மத்த பிள்ளைங்க பேர நான் யார்கிட்டப் போயி கேப்பேன்?”

எங்கள் வீட்டில் என் மகள் விழித்து அழ ஆரம்பித்தாள். பிள்ளை அழுகிறது மிஸ்ஸி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.